வியாழக்கிழமை ரயில்

அன்றைக்குக் காலையிலேயே நல்லையாவுக்கு நெஞ்சு இழுத்துப் பிடித்துக்கொண்டது. இடது மார்புக்குக் கீழே கிளம்பிய வலி தோளைச் சுற்றிக்கொண்டு முழங்கைவரை இறங்கி, சுண்டுவிரலில் வந்து மரத்துப்போய் நின்றது. வாயைத் திறந்து காற்றை விழுங்கினான். போன காற்று பாதி வழியில் திரும்பி வந்தது. நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பி நின்றான். நோவு வரும்போதெல்லாம் அப்படி நிற்பது அவன் பழக்கம். சும்மா நிற்பவனை ஜப்பான்காரன் உடனே அடிப்பான். திரும்பிப் பார்ப்பவனை அடிக்க ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடி போதும், மூச்சு திரும்பிவிடும்.

விடியுமுன் அடித்த சுமத்திராக் காற்றும் மழையும் ஓய்ந்து, சரளைக்கல் எல்லாம் நனைந்து கிடந்தது. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் பாதையை ஜப்பான்காரன் பிடுங்க ஆரம்பித்து ஒரு மாதமாகிவிட்டது. ஊர் ஸ்டேஷனில் தொடங்கி, வாழைக்கொல்லைகளுக்கும் கோழிக்கூடுகளுக்கும் நடுவே பிடுங்கிக்கொண்டே போய், பத்து பெரெண்டாம் என்ற ஊரையும் தாண்டியாயிற்று. பன்னிரண்டு பேர் ஒரு தண்டவாளத்தைத் தோளில் ஏற்றி, ஒரே காலை எடுத்துவைத்து நடப்பார்கள். ஒருத்தன் கால் தப்பினால் பதினொரு பேர் தோளும் இறங்கிவிடும். நல்லையாவுக்குத் தோள் வேலை இல்லை. பிடுங்கிய ஆணிகளையும் சிலீப்பர் கட்டைகளையும் தன் மாட்டுவண்டியில் ஏற்றி, பாதை மிச்சமிருக்கும் முனையில் நிற்கும் கூட்ஸ் வண்டியில் கொண்டுபோய்ப் போடவேண்டும். வேலையை மேய்க்கும் மண்டோருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. ‘வண்டிக்காரன்’ என்றால் வந்து நிற்பான், அவ்வளவுதான்.

பிடுங்கிய இரும்பெல்லாம் சயாமுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே காட்டுக்குள் ஜப்பான்காரன் புதிதாக ரயில் பாதை போடுகிறான். இரும்பு போகுமுன்னே மனிதர்கள் போய்விட்டார்கள். நல்லையாவின் ஒரே மகன் கணேசமூர்த்தியும் போய்விட்டான்.

“குந்துண்ணே,” என்றான் சுப்பையன். தண்டவாளக் கூட்டத்தில் முதல் தோள் அவனுடையது. இருபத்தெட்டு வயது. தோளில் காய்த்த தழும்பு எருமைக் கழுத்து மாதிரி இருக்கும். “ஜப்பான்காரன் அந்தாண்ட ஒண்ணுக்குப் போறான். அவன் வர்றதுக்குள்ள ரெண்டு மூச்சு வாங்கிக்க.”

“குந்தினா எந்திரிக்க முடியாதுடா.”

“அப்ப வண்டியில சாஞ்சிக்க. கட்டய நான் ஏத்துறேன்.”

சுப்பையன் வலிய வந்து உதவுவதும், நல்லையா அவன் முகத்தைப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதும் மூன்று மாதமாக நடக்கிறது. அதற்குக் காரணம் நல்லையாவின் நெஞ்சு.

அந்த நெஞ்சு அவர்கள் தெருவான காஜா பெராங் முழுக்கப் பிரசித்தம். சண்டைக்கு இரண்டு வருஷம் முன்னால், நகராட்சிக் குப்பைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் நடுத்தெருவில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்துக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை, ரத்தம் திரும்பி ஒழுகுகிறது என்றார்கள். குழாய் வைத்துக் கேட்டால் ஓட்டைத் துருத்தி ஊதுவதுபோல உஸ்ஸென்று சத்தம். அதோடு நகராட்சி வேலை போயிற்று. ஆனால் சயாமுக்கு ஆள் எடுக்க ஜப்பான்காரன் டாக்டர் சோதனை வைத்ததும், அந்த ஓட்டை நெஞ்சுக்குத் தெருவில் கிராக்கி வந்துவிட்டது.

பட்டியலில் பெயர் வந்தவனுக்குப் பதிலாக நல்லையா போய் நிற்பான். பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவான். ஜப்பான் டாக்டருக்குக் கறுத்த முகமெல்லாம் ஒரே முகம். ஆஸ்பத்திரி டிரெஸர் குழாய் வைத்துக் கேட்டுச் சொன்னதும், தேறாதவன் என்று முத்திரை குத்தி விரட்டிவிடுவான். பெயருக்குச் சொந்தக்காரன் வீட்டில் நிம்மதியாகக் கிழங்கு தின்பான். போகுமுன் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று, நல்லையாவின் இரண்டு கையிலும் வாளித் தண்ணீரைக் கொடுத்துக் கிணற்றைச் சுற்றி ஓடவிடுவார்கள். சுப்பையன் பெண்டாட்டி அஞ்சலைதான் சுற்று எண்ணுவாள். நல்லையா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தம்பிராஜாவுக்கும் ஒரு தடவை நின்றான். அவர் தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் ஊறிய கம்போங் செட்டிக்காரர், சாமி பெயர்களைத் தவிர வாயில் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய். அன்றைக்கு நல்லையா மலாயிலேயே முனகினான் என்று தெருவே சிரித்தது. இதற்கெல்லாம் அவன் காசு வாங்கியதில்லை. தம்பிராஜா ஒரு போத்தல் குஞ்சிறால் ஊறுகாய் கொடுத்தார், அது மூன்று வாரம் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

மூன்றாவது தடவை சுப்பையனுக்காக நின்றான். ஓடிய ஓட்டத்தில் திரும்பி நடக்க முடியாது என்பதால், கணேசமூர்த்தி வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, சோதனை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் அப்பனுக்காகக் காத்திருந்தான். அன்றைக்கு நாற்பது ஆள் வேண்டும். சுப்பையன் பெயரில் ஒன்று விழுந்துவிட்டதால் முப்பத்தொன்பதில் நின்றது. வாசலுக்கு வந்த சோல்ஜர் வண்டியில் இருந்தவனைக் கையைப் பிடித்து இறக்கி உள்ளே கொண்டுபோனான். பதினேழு வயது. நெஞ்சைத் தட்டினால் மத்தளம்போல இருக்கும்.

அப்போது சோதனை செவ்வாய்க்கிழமை, ரயில் வியாழக்கிழமை. தேறியவன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓடினால் வீட்டில் இருப்பவர்களைப் பிடிப்பார்கள் என்பதால் யாரும் ஓடுவதில்லை. அந்த இரண்டு நாளும் கணேசமூர்த்தி விறகு பிளந்தான். மூன்று மாதம்தான் வேலை என்று சொன்னதை நம்பி, மூன்று மாதத்துக்கான விறகைப் பிளந்து அடுக்கிவைத்துவிட்டுப் போனான். அந்த விறகு தீர்ந்து நாலு நாளாகிறது.

நெஞ்சு இழுத்துப் பிடித்த அன்று சாயங்காலம் நல்லையா வீடு திரும்பியபோது, பண்டார் ஹிலிரில் கடை வைத்திருக்கும் ஹாஜா வாசலில் குந்தியிருந்தார். சயாம் எல்லைப் பக்கத்துக் கெடாவுக்கு அரிசி வாங்க லோரியில் போய்வருகிறவர். நல்லையாவின் மனைவி சீதா அடுப்படியிலேயே நின்றாள். சட்டியில் கிழங்கு வெந்து தண்ணீர் சுண்டி, அடிப்பிடிக்கும் வாடை வந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஹாஜா சுற்றி வளைக்காமல் சொன்னார். அங்கே அலோர்ஸ்டாரில் ஒருவனைப் பார்த்தாராம். சயாமிலிருந்து சாமான் ரயிலில் ஒளிந்து வந்தவனாம். சயாமில் நோயாளிகளைப் போட்டிருக்கும் கொட்டகையில் மலாக்காப் பையன் ஒருத்தன் கிடக்கிறான், காய்ச்சலில் மாட்டை ஓட்டுவதுபோல நாக்கால் சத்தம் போடுகிறான் என்றானாம். கணேசமூர்த்தி மாட்டை அடித்ததில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி மூன்று சத்தம் கொடுப்பான், மாடு நடக்கும்.

“காய்ச்சல் பெரிசில்ல நல்லையாண்ணே,” என்றார் ஹாஜா. “கால்ல புண்ணு. மூங்கில் கீறினது. அந்தக் காட்டுல கீறல் விழுந்தா எலும்பு வரைக்கும் தின்னுருதாம். தினம் ரெண்டு வேள சுடுதண்ணியில கழுவி, புழுவெடுத்து, துணிய மாத்திக் கட்ட ஒரு ஆளு வேணும். கூட அப்பனோ அண்ணனோ இருக்கிறவன் எந்திரிச்சி நடந்துட்டான். ஆளில்லாதவன எட்டிப்பாக்கவும் நாதியில்லைன்னு சொன்னான்.”

சீதா முதல்முறையாக வாயைத் திறந்தாள். “எந்தக் கால்ண்ணே?”

“இடது. முட்டிக்குக் கீழ.”

“இடது,” என்று அவள் சொல்லிக்கொண்டாள். கருகிய கிழங்கை இறக்கி, ஹாஜாவுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் வேண்டாமென்று சொல்லாமல் தின்றார்.

அதற்குப்பின் அவர்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. பேசினால் அழவேண்டிவரும் என்று இரண்டு பேருக்குமே பயம். சீதா பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டை பட்டையாகச் சுருட்டினாள். எங்கேயோ கேட்டு ஒரு கை உப்பு வாங்கி, மஞ்சளோடு சேர்த்து முடிந்தாள். யார் கொண்டுபோகப் போகிறார்கள் என்று சொல்லவில்லை, நல்லையாவும் கேட்கவில்லை. மாடுகூட அந்த வாரம் சரியாக இல்லை. பள்ளிக்கூடத்து வாசலைக் கடக்கும்போதெல்லாம் தானாக நின்றுவிடும். நல்லையா நாக்கைத் தட்டிப்பார்த்தான். அவனுக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

பாதையைப் பிடுங்கத் தொடங்கியபின் முதல் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நல்லையா தன் பெயரைத் தானே போய்ப் பட்டியலில் கொடுத்தான். மற்றவர்கள் ஒளிந்துகொள்ள இடம் தேடும்போது ஒருவன் தானாக வந்து நிற்பதைப் பார்த்து எழுதுகிறவனே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். பிறகு நல்லையா டிரெஸர் ராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போனான். யாழ்ப்பாணத்துக்காரர். சோதனையில் குழாய் வைத்துக் கேட்டு ஜப்பான் டாக்டருக்குச் சொல்கிறவர் அவர்தான். நல்லையா மூன்று பெயரில் வந்து நின்றதும் அவருக்குத் தெரியும்.

“எல்லாரும் விழ வாற இடத்தில நீர் தேற வாறீர்,” என்றார் அவர். “ஏன் ஐசே, உமக்குச் சாக வேற இடம் கிடைக்கேல்லையோ?”

நல்லையா மகனைப் பற்றிச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் தேறினவன் எண்டு சொன்னாலும் அந்த ஜப்பான் டாக்குத்தர் விடான். போன சோதனையில இருந்து தானும் ஒருக்கா குழாய் வைச்சுக் கேக்கிறான். உம்மட நெஞ்சு வாசலிலயே கேக்கும்.”

“ஒரு மாத்திர மருந்து இருக்காங்கையா? அந்தச் சத்தத்த ஒரு நாளைக்கு அடக்குற மாதிரி?”

“சத்தத்தை அடக்க மருந்து இருந்தால் நோயை அடக்க மாட்டனே?” என்றார். “போய்ப் படும். பெடியனுக்கு ஆள் வேணுமெண்டால் நல்ல நெஞ்சுள்ள ஆளா அனுப்பும்.”

அவர் அதை வாய்க்கு வந்தபடி சொன்னார். நல்லையா அதை வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தான். தெருமுனை வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது. கெட்ட நெஞ்சைக் காட்டி மூன்று நல்லவர்களை விழவைத்தான். இப்போது ஒரு நல்ல நெஞ்சைக் காட்டினால் கெட்டவன் தேறிவிடுவான். செவ்வாய்க்கிழமை நல்லையா என்ற பெயரில் சுப்பையன் நிற்பான், சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். வியாழக்கிழமை அந்தச் சீட்டோடு நல்லையா போவான். ரயில் ஏற்றுகிறவன் சீட்டைத்தான் பார்ப்பான், நெஞ்சைத் திறந்து பார்க்கமாட்டான். சயாமில் கொட்டகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவன் யோசித்தான். ஒரே பாதைதானே, ஓரமாகவே விசாரித்துக்கொண்டு போனால் வந்துவிடாதா என்று தோன்றியது.

கேட்டதும் சுப்பையன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

“என் பேருல விழுந்த எடத்துலதானேண்ணே தம்பிய இழுத்துக்கிட்டுப் போனான்? நான் போய் நிக்கிறேன். இதுக்கு நீ வேற கேக்கணுமா?”

அஞ்சலைதான் மடியில் கிடந்த பெண்குழந்தையின் தலையில் பேன் பார்த்தபடியே கேட்டாள். “ரயிலுதான் இல்லியே மாமா. பாதையப் பிடுங்குறது நீங்கதானே.”

“தம்பின் வரைக்கும் லோரியில கொண்டுபோவான். அங்கேர்ந்து ரயிலு.”

“என்னிக்கு?”

“வியாழக்கெழமதான். எப்பவும் வியாழக்கெழமதானே?”

அவள் பேன் பார்ப்பதை நிறுத்தினாள். “எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. செவ்வாக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள அவரு வீட்டுக்கு வந்துரணும். நீங்க கொண்டாந்து விடுவீங்களா?”

“நானே கூட்டியாந்து விடுறேன் அஞ்சலை. வாசல்லயே வண்டியோட நிப்பேன்.”

“சொல்லிட்டீங்க,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில், மகன் நின்ற அதே இடத்தில், நல்லையா வண்டியை நிறுத்தினான். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு லோரிகள் பின்பலகையை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றன. சிலீப்பர் கட்டை ஏற்ற வந்தவை என்று நினைத்தான். பாரம் ஏற்றுகிற தொழில்காரனுக்குப் பாரம்தான் கண்ணில் படும். எத்தனை கட்டை பிடிக்கும் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டான்.

ஜன்னல் வழியாக வரிசை தெரிந்தது. இடுப்புத் துணியோடு நிற்கும் ஆட்கள். கூப்பிடுகிறவன் “நல்லையா” என்றபோது, வெளியே நின்றவனின் கை தானாக எழப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். உள்ளே சுப்பையன் கை தூக்கினான். ராஜரத்தினம் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நிமிர்ந்து சுப்பையன் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். நல்லையா மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஜப்பான் டாக்டரும் குழாய் வைத்துக் கேட்டான். சுப்பையனின் மாரில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிச் சிரித்தான். நல்ல மாட்டை வாங்குகிறவன் அப்படித்தான் தட்டுவான்.

நல்லையாவுக்கு அந்த ஒரு நிமிஷம் உடம்பில் வலியே இல்லை. தேறிவிட்டோம் என்ற நினைப்பு. உப்பு முடிச்சு வீட்டில் தயாராக இருக்கிறது. கொதிக்கவைக்க ஒரு தகர டப்பா வேண்டும். இடது கால், முட்டிக்குக் கீழே. முதலில் மகன் தன்னை அடையாளம் கண்டுகொள்வானா, அழுவானா, ஏன் வந்தாய் என்று திட்டுவானா என்றெல்லாம் ஓடியது.

தேறியவர்கள் வெளியே வந்தார்கள். கையில் சீட்டு இல்லை. சோல்ஜர்கள் இரண்டு பக்கமும் நின்று அவர்களை நேராக லோரிக்கு ஓட்டினார்கள்.

நல்லையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வியாழக்கிழமை என்பது ஆபீஸ் சட்டமல்ல. மலாக்கா ஸ்டேஷனுக்கு ரயில் வாரத்தில் அந்த ஒருநாள்தான் வந்தது, அதனால்தான் இரண்டு நாள் வீட்டில் விட்டுவைத்தான். இப்போது ரயில் இல்லை. பாதை இல்லை. அந்தப் பாதையின் ஆணிகளை ஒரு மாதமாகத் தன் வண்டியில் தானே அள்ளிப் போட்டிருக்கிறான். காத்திருக்க வேண்டிய இரண்டு நாளையும் சேர்த்து அள்ளிப் போட்டது தெரியவில்லை.

ஓடினான். கிணற்றைச் சுற்றி ஓடிய அதே நெஞ்சோடு ஓடினான். “நாந்தான் நல்லையா, அவன் இல்ல, நாந்தான்” என்று தமிழிலும் மலாயிலும் சொன்னான். சோல்ஜர் அவன் நீலம் பாய்ந்த உதட்டையும் ஏறி இறங்கும் விலாவையும் பார்த்தான். ஒரு அறைதான் விட்டான். நல்லையா முழங்காலில் விழுந்தான். மூச்சு வரவில்லை. ராஜரத்தினம் வெளியே வந்து அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, காதோடு சொன்னார்.

“வாயை மூடும். ஆள் மாறினது தெரிஞ்சால் ரெண்டு பேரின்ர தலையும் போயிடும்.”

லோரியில் ஏறி நின்ற சுப்பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. குதிக்கலாமா என்று கண் இரண்டு பக்கமும் போய்த் திரும்பியது. பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார்கள். அதற்குமேல் அவன் பார்க்கவில்லை. பலகையைப் பிடித்துக் குனிந்து, வேலைத்தலத்தில் ஒரு சாமானைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான்.

“எந்தக் கால்ண்ணே?”

நல்லையா தன் இடது முட்டிக்குக் கீழே கையால் தட்டிக் காட்டினான். சுப்பையன் தலையை ஆட்டினான். நல்லையா தோளில் கிடந்த துண்டை உருவி எறிந்தான். அது பலகைமேல் விழுந்து நழுவப் பார்த்தது, சுப்பையன் பிடித்துக்கொண்டான். லோரி போய்விட்டது.

பொழுது சாயுமுன் அஞ்சலை வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வண்டியில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, சீவிக்கொண்டிருந்த கிழங்கை முடித்து, அடுத்ததையும் எடுத்துச் சீவினாள். சீதா ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் தொடவில்லை. நல்லையா நடந்ததைச் சொன்னான். சுப்பையன் கடைசியாகக் கேட்டதையும் சொன்னான்.

“அதக் கேட்டாரா?” என்றாள் அஞ்சலை. “வீட்டப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?”

“கேக்க நேரமில்லம்மா.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நாளக்கிக் காலையில தண்டவாளத்துல அவரு பேரக் கூப்புடுவான். ஆளு இல்லைன்னா ரேஷன் நின்னுரும். தேடிக்கிட்டு வருவான். நீங்க போய் நில்லுங்க மாமா. பேரு மாத்தி நிக்கிறது ஒங்களுக்குப் புதுசா?”

மறுநாள் “சுப்பையன்” என்று கூப்பிட்டபோது நல்லையா கை தூக்கினான். நல்லையா என்பவன் சயாமுக்குப் போய்விட்டதாக ஜப்பான்காரன் தாளில் இருந்தது. முதல் தோளை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது இடத்தில் நிறுத்தி, மற்றவர்கள் பாரத்தைத் தங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். வண்டியைச் சீதா ஓட்டிவந்தாள். மண்டோர் ‘வண்டிக்காரன்’ என்று கூப்பிட்டபோது ஒரு பொம்பளை வந்து நின்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கட்டை ஏறினால் சரி.

பாதை முழுதும் பிடுங்கி முடிந்தது. தம்பின் வரைக்கும் வெறும் சரளைக்கல்தான், அதன் நடுவே லாலான் புல் முளைக்கத் தொடங்கியது. சயாமிலிருந்து கடுதாசி வரவில்லை, ஆள் வரவில்லை. ஹாஜா இரண்டு தடவை அலோர்ஸ்டார் போய்வந்தார். நாக்கால் சத்தம் போடுகிறவனைப் பற்றியோ, அவன் காலைக் கழுவுகிறவனைப் பற்றியோ கேட்க அங்கே யாரும் அகப்படவில்லை. சீதா மட்டும் அந்தக் கால் ஆறியிருக்கும் என்றாள். சுப்பையன் கைக்கு ஆறாமல் இருக்குமா என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். சொல்லிவிட்டு அஞ்சலை வீட்டுப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

வாராவாரம் நல்லையா சுப்பையன் பெயரில் ரேஷன் அரிசி வாங்கி, ஒரு மணி குறையாமல் அஞ்சலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் முறத்தில் வாங்கிக் கல் பொறுக்குவாள். ஒருநாள் பொறுக்கியபடியே சொன்னாள்.

“அரிசி கொடுத்துக் கழிச்சிரலாம்னு நெனைக்காதீங்க மாமா.”

“நெனைக்கல அஞ்சலை.”

“பொழுது சாயிறதுக்குள்ள கூட்டியாறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவள் முறத்தைத் தட்டிப் புடைத்தாள். நல்லையா வாசலில் நின்று மூச்சு வாங்கினான். பிறகு போனான். அஞ்சலைக்கு அவன் ஒரு ஆள் பாக்கி.